ஓடுகிற பெண்ணுக்கு என்ன உடுத்துவது?

ஒரு விநாடியை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு எவ்வளவு இருக்கும்? கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. 1984-ம் வருஷம் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலப் பதக்கத்தை நழுவ விட்டது அந்த ஒரு பங்கில்தான். உஷா ஓடிய நேரம் 55.42 விநாடி; மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. அதே 55.42-ஐ 39 வருஷம் கழித்து, 2023 அக்டோபரில் சீனாவில் நடந்த ஆசியப் போட்டியில் நம் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் ஓடி, உஷாவின் தேசிய சாதனையைச் சமன் செய்தார். மறுநாள் இறுதி ஓட்டத்தில் வெண்கலமும் வாங்கினார்.

அந்த நூறில் ஒரு பங்கை, உடுத்தியிருக்கிற துணியே விழுங்கிவிடும் என்றால் நம்புவீர்களா? 1986-ல் அமெரிக்காவில் செஸ்டர் கைல் என்பவரும் அவருடைய கூட்டாளியும் இதைக் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். உடையையும் தலைமுடியையும் சீர்செய்தால், ஓடுகிறவர் மேல் மோதும் காற்றின் எதிர்ப்பை அரை சதவிகிதத்திலிருந்து 6 சதவிகிதம் வரை குறைக்கலாமாம். அதில் 2 சதவிகிதம் குறைத்தாலே 100 மீட்டர் ஓட்டத்தில் விநாடியின் நூறில் ஒரு பங்கு மிச்சமாம்!

இதெல்லாம் பதக்கம் வாங்குகிறவர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஓடுகிற பெண் குழந்தை உள்ள வீடாக இருந்தால், இது அடுப்பங்கரை வரைக்கும் வந்து நிற்கிற விஷயம். எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது.

நான் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் குடியிருப்பவள். படிப்பு பத்தாவது வரைதான். வீட்டு வேலை முடிந்த பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை, சுடிதார் தைத்துக் கொடுப்பேன். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். 800 மீட்டர் ஓட்டத்தில் பள்ளியில் முதலாவதாக வந்தாள். குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பதாக பி.டி. டீச்சர் சொல்லி அனுப்பினார். உடனே வீட்டில் மூன்று கட்சி.

என் வீட்டுக்காரர், "நல்ல ஷூ இல்லாம எப்படி? நாலாயிரம் ஆனாலும் பரவாயில்லை, கடன் வாங்கியாவது வாங்கிடலாம்" என்றார். என் மாமியார், "வயசுக்கு வந்த பொண்ணு டவுசர் போட்டுக்கிட்டு நாலு பேர் எதிர்ல ஓடறதா? சுடிதார், துப்பட்டாவோட ஓடறதா இருந்தா ஓடட்டும். இல்லேன்னா இத்தோட நின்னுடட்டும்" என்றார். மகளோ, "ஷூவும் வேணாம், ஒண்ணும் வேணாம்மா. வெறுங்காலோட ஓடறேன். என்னைப் போக விட்டா போதும்" என்று அழாத குறை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆறாவது, ஏழாவது படிக்கும்போது இவளோடு ஓடிய பெண்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒன்பதாவது வரும்போது இவள் ஒருத்திதான் மிச்சம். மற்றவர்கள் கால் தளர்ந்து நிற்கவில்லை, உடுப்புக்காகவே நின்றுவிட்டவர்கள். ஆகவே என் மாமியார் கேட்ட கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எது உண்மையிலேயே ஓட்டத்தைக் குறைக்கிறது, எது வீண் பயம் என்று பார்த்துவிடலாம் என்று, மளிகைக் கடைக்காரரிடம் எடை மெஷினை ஒரு நாள் இரவல் வாங்கி வந்தேன். பி.டி. டீச்சரிடம் கேட்டும், வீட்டுக்காரரின் போனில் தேடிப் படித்தும் பல விவரங்களைச் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் காற்றைப் பார்ப்போம். ஆடி மாதத்தில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மலைப்பாதையில் வந்திருந்தால் தெரியும், முந்தானை என்ன பாடு படுத்துகிறது என்று. அதே காற்றில் நடந்து போனால் அவ்வளவு தெரிவதில்லை. காரணம், வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. 1971-ல் இங்கிலாந்தில் பியூ என்ற விஞ்ஞானி இதை அளந்தார். நடுத்தரத் தூரப் பந்தயங்களின் வேகத்தில் ஓடுகிறவர் தம் சக்தியில் ஏழரை சதவிகிதத்தைக் காற்றைத் தள்ளவே செலவழிக்கிறார். குறுகிய தூர ஓட்டத்தில் 13 சதவிகிதம். ஆனால் இன்னொருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஒட்டி ஓடினால், நடுத்தர தூரத்தில் அந்தச் செலவு அனேகமாக இல்லாமலே போகிறதாம்.

2019 அக்டோபர் 12-ம் தேதி வியன்னா நகரில் கென்யாவின் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 2 மணி நேரத்துக்குள், 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது, துணைக்கு ஓடியவர்கள் முறை வைத்து முன்னால் அணி வகுத்துக் காற்றை வாங்கிக்கொண்டார்கள். அதனாலேயே அது அதிகாரபூர்வமான சாதனையாக எழுதப்படவில்லை. நம் பிள்ளைகள் அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை. ஆகவே காற்றும் அவர்களிடம் அவ்வளவு வசூலிப்பதில்லை. இருந்தாலும் எதிர்க்காற்று அடிக்கிற பக்கத்தில் முன்னால் ஓடுகிறவளுக்குப் பின்னாலேயே போ, காற்று முதுகில் வரும்போது வெளியே வந்து தாண்டு என்று என் மகளுக்குச் சொல்லி வைத்தேன். பைசா செலவில்லாத யோசனை!

"மலைமேல காத்து லேசா இருக்குமாமே, நமக்கு அது லாபம்தானே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்ஸிகோ நகரத்தில் 1968-ல் ஒலிம்பிக் நடந்தபோது குறுகிய தூர ஓட்டங்களில் சாதனைகள் முறிந்தது வாஸ்தவம்தான். ஆனால் மூச்சுப் பிடித்து நெடுந்தூரம் ஓடியவர்கள் அதே காற்றில் திணறிப் போனார்கள். எங்கள் மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற காவலூரின் உயரம் சுமார் 700 மீட்டர்தான். அதை நம்பிக் கணக்குப் போடுவதற்கில்லை.

அடுத்தது துணி. துணி இரண்டு விதத்தில் ஓட்டத்தைக் கெடுக்கும். ஒன்று, படபடவென்று காற்றைப் பிடிப்பது. இன்னொன்று, காலை எட்டி வைக்க விடாமல் தொடையிலும் முழங்காலிலும் சிக்குவது. நம் பிள்ளைகளின் வேகத்துக்கு இரண்டாவதுதான் பெரிய சத்ரு. மெக்ஸிகோவில் தராஉமாரா என்ற மலை ஜாதியைச் சேர்ந்த லொரேனா ராமிரெஸ் என்ற பெண், 2017-ல் 50 கிலோமீட்டர் ஓட்டத்தில் தங்கள் வழக்கப்படி பாவாடையும் ரப்பர் செருப்புமாக ஓடிப் பெண்களில் முதலாவதாக வந்தார். மகாராஷ்டிரத்தில் பாராமதி ஊர்ப் பந்தயத்தில் லதா கரே என்ற அம்மாள், கணவரின் மருத்துவச் செலவுக்காக, அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஒன்பது கஜப் புடவையோடு வெறுங்காலில் ஓடி ஜெயித்தார். பிறகு அவர் கதை சினிமாவாக எடுக்கப்பட்டு, அதில் அவரே நடித்தார். ஒன்பது கஜம் எப்படி இடைஞ்சல் பண்ணவில்லை? கச்சம் வைத்துக் கட்டினால் இரண்டு காலும் தனித்தனியாக வீசி நடக்க இடம் கிடைக்கிறது. அதுதான் சூட்சுமம்.

இதை என் மாமியாரிடம் சொன்னபோது, "பாத்தியா, நான் சொன்னேன் இல்ல!" என்று சந்தோஷப்பட்டார். கூடவே இன்னொரு படத்தையும் காட்டினேன். பஹ்ரைன் நாட்டு ருகையா அல் கஸ்ரா. 2006-ல் தோஹாவில் நடந்த ஆசியப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வாங்கியவர். தலையிலிருந்து கணுக்கால் வரை மூடிய உடை. ஆனால் ஒரு அங்குலத் துணி கூட ஆடாது! 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வாங்கிய ஆஸ்திரேலியாவின் கேத்தி ஃப்ரீமனும் தலையை மூடிய, உடம்போடு ஒட்டிய முழு உடையில்தான் ஓடினார். மாமியார் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு எல்லாத்தையும் மூடிக்கிட்டுத்தானே ஓடுது?" என்றார். ஆமாம் அத்தை, அதைத்தான் சொல்ல வந்தேன். மூடுவது குற்றமில்லை, தொளதொளப்புதான் குற்றம்.

எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். மகளின் பருத்திச் சுடிதார் துப்பட்டாவோடு 480 கிராம். வியர்வையில் நனைந்தால் எப்படி இருக்கும் என்று தண்ணீரில் முக்கிப் பிழிந்து வைத்தேன்: 830 கிராம்! பருத்தி வீட்டில் உடுத்த உத்தமமான துணி. ஆனால் ஓடும்போது வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்கிறது. ஈரமாகி உரசித் தொடை இடுக்கிலும் அக்குளிலும் புண் வேறு. வியர்வை சீக்கிரம் உலர்கிற பாலியெஸ்டர் பனியன் துணியில், கணுக்கால் வரை கால்சட்டையும் இடுப்புக்குக் கீழே இறங்குகிற அரைக்கைச் சட்டையும் தைத்தேன். இரண்டும் சேர்ந்து 230 கிராம். பனியன் துணிக்கென்று விற்கிற முனை மழுங்கிய ஊசி போட்டு, ஜிக்ஜாக் தையல் போட்டால் இழுத்தாலும் நூல் அறுவதில்லை. இடுப்பில் அகல எலாஸ்டிக். நிறம் கருநீலம். மாதவிலக்குச் சமயத்தில் கறை தெரிந்துவிடுமோ என்ற பயமே பாதிப் பெண்களை மைதானத்திலிருந்து விரட்டிவிடுகிறது. அந்தப் பயத்துக்கு வெளிர்நிறம் ஆகாது.

வெளியே பேசக் கூச்சப்படுகிற ஒன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த பெண்ணுக்கு எல்லாவற்றுக்கும் முதலில் வாங்க வேண்டியது ஓடுவதற்கென்று உள்ள இறுக்கமான உள்ளாடை. சாதாரண உள்ளாடையோடு ஓடினால் மார்பு வலிக்கும். கூச்சத்தில் தோளைக் குறுக்கி, கையை ஒடுக்கிக்கொண்டு ஓடுவாள். கை வீச்சு குறைந்தால் கால் எட்டும் குறைந்துபோகிறது. இந்த உள்ளாடையே 1977-ல்தான் முதலில் வந்தது. அமெரிக்காவில் மூன்று பெண்கள், ஆண்கள் விளையாடும்போது போடுகிற உள்ளாடை இரண்டை வெட்டிச் சேர்த்துத் தைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். தையல்காரிக்கு இது எவ்வளவு பெருமை பாருங்கள்! வாங்கும்போது கீழ்ப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்வும் வேண்டாம், மூச்சு முட்டவும் வேண்டாம். போட்டுக்கொண்டு பத்துத் தடவை குதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எலாஸ்டிக் தளர்ந்தால் மாற்றிவிட வேண்டும்.

இப்போது ஷூ. துடைப்பத்தின் கைப்பிடியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டி வீசிப் பாருங்கள். பிறகு அதே கல்லை நுனியில் கட்டி வீசிப் பாருங்கள். கல் அதேதான், ஆனால் கை எவ்வளவு சீக்கிரம் சலித்துப் போகிறது! காலும் அப்படித்தான். பாதம் காலின் நுனி. ஒவ்வொரு எட்டிலும் அதைப் பின்னாலிருந்து முன்னால் வீச வேண்டும், நிறுத்த வேண்டும், மறுபடி வீச வேண்டும். ஆகவே இடுப்பில் கட்டிய எடையைவிட காலில் கட்டிய எடை பல மடங்கு வாட்டும்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் வேடிக்கையாக ஒரு சோதனை செய்து 2016-ல் வெளியிட்டார்கள். ஓடுகிறவர்களுக்குத் தெரியாமலே ஷூவுக்குள் ஈயக் குண்டுகளை ஒளித்து வைத்து 3,000 மீட்டர் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடும் நேரம் சுமார் 0.8 சதவிகிதம் கூடியதாம். அவர்கள் எல்லாம் பழகிய ஆண்கள்; நம் பெண்களுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்றில்லை. உத்தேசமாக வைத்துக்கொண்டாலும், 800 மீட்டரை 3 நிமிடத்தில் ஓடுகிற பெண்ணுக்கு அது ஒன்றரை விநாடி. அந்த நேரத்தில் பக்கத்தில் வருகிறவள் ஆறு மீட்டர் முன்னால் போய்விடுவாள்.

மகளின் பள்ளிக்கூடக் கான்வாஸ் ஷூ ஒன்று 290 கிராம். பனியில் நனைந்த புல்லில் நடந்து வந்த அன்று நிறுத்தால் 365 கிராம்! எங்கள் மலையில் பிள்ளைகள் விடிகாலையில் ஈரப் புல்லையும் ஓடையையும் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். காசு செலவழிக்காமல் 75 கிராம் குறைக்க வழி, போகும்போது செருப்போடு போய், காய்ந்த ஷூவை மைதானத்தில் மாட்டிக்கொள்வதுதான்.

அப்படியானால் வெறுங்கால்தானே எல்லாவற்றிலும் லேசு? 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடி ஜெயித்தார். ஆனால் 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு, முன்னதைவிட 3 நிமிடம் குறைவாக ஓடி மறுபடி ஜெயித்தவரும் அவரேதான். பாட்டியின் கூலிக் காசில் வளர்ந்த நம் மதுரைப் பெண் ரேவதி வீரமணி, ஷூ வாங்க வசதியில்லாமல் வெறுங்காலில் ஓட ஆரம்பித்து, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டம் வரைக்கும் போனார். ஷூவுக்குப் பழகியது அப்புறம்தான். கொலராடோவில் 2012-ல் செய்த இன்னொரு சோதனையில், லேசான மெத்தென்ற ஷூவைவிட வெறுங்கால் ஓட்டத்தில் சக்தி ஒன்றும் மிச்சமாகவில்லை என்று தெரிந்தது. தரையின் அதிர்ச்சியை ஷூ வாங்காவிட்டால் கால் தசையே வாங்கவேண்டியிருக்கிறதாம்.

தாய்மார்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இன்னொன்று. மண்ணில் வெறுங்காலோடு நடமாடினால் கொக்கிப்புழு தோல் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ரத்தசோகை வந்த பெண்ணுக்கு எந்த லேசான ஷூவும் உதவாது. போட்டிக்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகளுக்கு ரத்தம் பார்த்தோம், 10.4 கிராம்தான் இருந்தது. இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக்கூடாது. டாக்டர் சொன்னபடி பூச்சி மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்து, முருங்கைக்கீரையும் வேர்க்கடலையும் சாப்பாட்டில் சேர்த்தேன். காட்டுக்குப் போகும்போது செருப்பு கட்டாயம் என்றும் சொல்லிவிட்டேன்.

நாலாயிரம் ரூபாய் ஷூ வாங்கவில்லை. போளூருக்குப் போய், சாயங்கால வேளையில், கால் சற்று உப்பியிருக்கும்போது போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, ஒன்று 210 கிராம் இருக்கிற சாதாரண ஓட்ட ஷூ 1,100 ரூபாய்க்கு வாங்கினோம்.

குறுவட்டப் போட்டியில் என் மகள் மூன்றாவதாக வந்தாள். மாவட்டப் போட்டிக்கு முதல் இரண்டு பேர்தான். ஆனால் பள்ளியில் 3 நிமிடம் 9 விநாடி ஓடியவள் அன்றைக்கு 2 நிமிடம் 57 விநாடியில் ஓடினாள். துணியும் ஷூவும்தான் 12 விநாடியைக் கொடுத்தன என்று நான் தம்பட்டம் அடிக்க மாட்டேன். விடிகாலைப் பயிற்சியும் ரத்தம் ஏறியதும்தான் பெரும்பங்கு. ஓடி முடித்தவள் கையை அகல விரித்துக்கொண்டு, சட்டையை இழுத்து விடாமல், தலை நிமிர்ந்து நடந்து வந்தாள். எனக்கு அது போதும்.

அன்று ராத்திரி மாமியார் அந்தக் கால்சட்டையைத் துவைத்து உலர்த்தி, மடித்து வைத்துக்கொண்டே, "ஏம்மா, அடுத்த வருஷத்துக்குள்ள வளந்துடுவா. ஒரு இஞ்சு துணி உள்ளார மடிச்சு விட்டிருக்கியா?" என்று கேட்டார். அடுத்த வருஷம்! அந்த வார்த்தையைக் கேட்டு என் மனசு குளிர்ந்துவிட்டது. ஓட்டத்தை நிறுத்திவிட்டிருந்த பெண்களில் இரண்டு பேரின் அம்மாக்களும் வந்து, எங்களுக்கும் அதே மாதிரி தைத்துக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். தையல் கூலி வாங்கப் போவதில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண்ணும் ஓடுகிறாளா? கையில் உள்ள காசை இந்த வரிசையில் செலவழியுங்கள். முதலில் ரத்தப் பரிசோதனை. இரண்டாவது நல்ல உள்ளாடை. மூன்றாவது அளவாகத் தைத்த, சீக்கிரம் உலர்கிற கருநிற உடுப்பு. நான்காவது அளவான, லேசான, காய்ந்த ஷூ. துப்பட்டாவை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகட்டும். கழுத்தில் சுற்றிக்கொண்டால் ஆபத்து. ஜடையை உயர்த்திக் கட்டி விடுங்கள். ஷூ நாடாவுக்கு இரட்டை முடிச்சு போட்டு நுனியை உள்ளே செருகி விடுங்கள். இதற்கு மேலே நாலாயிரம் மிச்சமிருந்தால் அப்புறம் ஷூக் கடைக்குப் போகலாம்!